பதினைந்து நிமிஷமும் ஒரு துண்டு நார்த்தங்காயும்

திருச்சிராப்பள்ளி நகரத்தாரின் ரத்தத்தை ஒரு காலத்தில் ஒரே ஒரு மனிதருடைய ரத்தத்தை வைத்துத்தான் அளந்தோம். மீட்டர் என்றால் இவ்வளவு நீளம் என்று காட்டுவதற்காக வெளிநாட்டில் எங்கோ ஓர் உலோகக் கட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம் அல்லவா? அதுபோலக் கொலஸ்ட்ராலுக்கு எங்களிடம் ஓர் ஆள் இருந்தார். பெட்டிக்குள் அல்ல, உறையூரில் ஒரு மாடியறையில். அந்தக் கட்டையாவது வெயிலில் கொஞ்சம் நீண்டிருக்கும். இவர் எதற்கும் மாறியதில்லை.

புத்தூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது அந்த ரத்தப் பரிசோதனை நிலையம். லேப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எழுபதுகளின் நடுவில் அங்கே ஒரே பெண்ணாக, டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டி வந்து, இன்னொரு பஸ் மாறி, பத்தொன்பது படி ஏறினால் என் நாற்காலி. மேஜைமேல் தட்டெழுத்துப் பொறி, அதற்கடியில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம். உள்ளறையில் முதலாளி டாக்டர். இரண்டுக்கும் நடுவில், கண்ணாடிக் குழாய்களுக்கும் சீசாக்களுக்கும் மத்தியில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவர்.

அவரை ஊரார் பதினைந்து நிமிஷம் என்று அழைத்தார்கள். படியேறி வருகிற யாராக இருந்தாலும் பதினைந்து நிமிஷம் உட்காராமல் அவர் கையில் ஊசி எடுக்கமாட்டார். நின்றுகொண்டிருப்பவரின் ரத்தமும் உட்கார்ந்திருப்பவரின் ரத்தமும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி. "படியேறி வந்த ரத்தம் இன்னும் படியேறிக்கிட்டே இருக்குங்க. அது வந்து சேரட்டும்" என்பார். ரப்பர் குழாயால் கையை இறுக்கிக் கட்டி வைத்திருப்பதும் அவருக்கு ஆகாது. "கட்டுன கை பொய் சொல்லும்" என்று சட்டென்று அவிழ்த்துவிடுவார்.

ஜன்னலோரமாக ஒரு நீள பெஞ்சு. எதிரே, வீடுகளின் கூரைகளுக்கு மேலே, மலைக்கோட்டை தெரியும். பேசக் கூடாது, பத்திரிகை படிக்கக் கூடாது, காலை ஆட்டக் கூடாது. ஆகவே வந்தவர்கள் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்ப்பார்கள். அது சுழன்று சுழன்று ஓயும் சத்தம் மட்டும் மேலே வரும். வியாபாரிகளும் வாத்தியார்களும் வக்கீல்களும் வரிசையாக உட்கார்ந்து, தாங்கள் எதற்காக வந்தோம் என்பதையே மறந்து, குழந்தைகளைப்போல வாயைத் திறந்துகொண்டு அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பதினைந்து நிமிஷங்களில்தான் நான் பெரிய பெரிய நாவல்களை எல்லாம் படித்து முடித்தேன்.

ஒருமுறை ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். தனக்கு நேரமில்லை என்று படியிலேயே அறிவித்துக்கொண்டு வந்தார். எங்களவர் பெஞ்சைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார், பாறையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், தூங்கிப்போனார். எழுப்ப யாருக்கும் தைரியமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து விழித்தவர், கல்யாணமானதிலிருந்து இப்படித் தூங்கியதில்லை என்று சொல்லி, ரத்தம் கொடுக்காமலே போய்விட்டார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். டெஸ்ட் எதுவும் வேண்டாம், சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றார். எங்களவர் கடிகாரத்தைப் பார்த்து அவருக்கும் பதினைந்து நிமிஷத்தைக் குறித்துக்கொண்டார்.

வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பது இரண்டாவது சட்டம். இதில் எங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்களோடுதான் அவருக்குப் பெரும்பாடு. பெரியவர் ஒருவர், விடியற்காலையில் கோயிலில் வாங்கிக்கொண்ட பொங்கலைப் பற்றி விசாரித்தபோது கோபித்துக்கொண்டார்.

"பெருமாள் பிரசாதம் ஆகாரமோ? அது அனுக்கிரகம்னா."

"அனுக்கிரகத்துல நெய் இருக்குங்களே சாமி. நாளைக்கு வாங்க."

மறுநாள் அவர் வந்தார். அனுக்கிரகம் இல்லாமல்.

இப்போது அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரத்தத்திலிருந்து தெளியும் மஞ்சள் நீரில் அமிலங்களைச் சேர்த்தால் மெல்ல மெல்ல ஒரு பச்சை நிறம் பிறக்கும். லால்குடிப் பக்கம் நாற்றங்கால்களைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தப் பச்சை தெரியும். கொலஸ்ட்ரால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தி. பக்கத்திலேயே இன்னொரு குழாயில், இவ்வளவுதான் கொலஸ்ட்ரால் என்று நிச்சயமாகத் தெரிந்த கரைசலையும் வைத்து இரண்டு பச்சைகளையும் ஒரு கருவியால் ஒப்பிடுவார்கள். அந்தக் கரைசலுக்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். குளோரோஃபாரத்தில் கரைத்து, கண்ணாடி மூடி போட்ட ஒரு பழுப்பு சீசாவில் அலமாரியில் இருக்கும்.

ஆனால் ஸ்டாண்டர்டே கெட்டுப்போனால் அதை எது காட்டிக்கொடுக்கும்? மாறாத ரத்தம் ஒன்று வேண்டும். வெளிநாட்டிலிருந்து அப்படி ஒரு சரக்கு வருகிறது என்று கேள்வி. புத்தூர் மாடிக்கு அது வரவில்லை. ஆகவே எங்களவர் தன்னையே நியமித்துக்கொண்டார். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அதே பெஞ்சில் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து, தன் கையில் தானே ஊசி குத்தி, தன் ரத்தத்தைத் தானே சோதிப்பார். எண் நூற்று எண்பத்து நான்கு. ஒன்று கூடலாம், இரண்டு குறையலாம். அந்த எண் வந்தால்தான் அந்த வாரம் ஊருக்குக் கடை திறக்கும்.

மாறாத ரத்தத்துக்கு மாறாத சாப்பாடு. காலையில் மூன்று இட்லி, மோரில் குழைத்த பருப்புப் பொடியோடு. மதியம் தயிர்சாதம். மாலையில் ஒரு பூவன்பழம். இரவில் மறுபடி மூன்று இட்லி. நான் சேர்வதற்கு எட்டு வருஷம் முன்பே இது தொடங்கிவிட்டது. சாப்பிட்டதையும் திங்கட்கிழமை எண்ணையும் எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தீபாவளிக்கு மெஸ்காரம்மா அதிரசம் கொடுத்தனுப்பினால், "அதிரசம், இரண்டு. வந்தது. திருப்பி அனுப்பப்பட்டது" என்று எழுதுவார். அந்த நோட்டில் சம்பவம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, போட்ட இலையைத் தொடாமல், மடியிலிருந்து டப்பாவை எடுத்துத் தயிர்சாதம் சாப்பிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள். பெண்ணின் அண்ணனே தொடாத சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறதோ என்று ஒருவர் கையை உதறினார். அவரைப் பார்த்து அடுத்தவர். சாம்பார் வாளியோடு பரிமாறுபவர் நின்றது நின்றபடி நிற்க, அறுபது பேர் இலைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். எங்களவர் எழுந்து நின்று, திங்கட்கிழமையைப் பற்றி விளக்கினாராம். விளக்கத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. கடைசியில் தங்கையே மணக்கோலத்தில் வந்து அண்ணன் இலையிலிருந்த ஜாங்கிரியை எல்லோருக்கும் முன்னால் தின்று காட்டிய பிறகுதான் பந்தி நகர்ந்தது. "அவ நல்ல பொண்ணுங்க. ஆனா வெறும் வயித்துல ஜாங்கிரி சாப்பிட்டிருக்கக் கூடாது" என்றார் என்னிடம்.

ரிப்போர்ட் விஷயத்தில் அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு சண்டை. இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஏழு என்று கணக்கில் வந்ததை நான் அப்படியே டைப் செய்தேன். புள்ளியையும் ஏழையும் எடுக்கச் சொன்னார். அதில் துல்லியம் இருக்கிறதே என்றேன். "நம்ம மெஷினுக்கு அவ்ளோ கண்ணு கிடையாதுங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல வேண்டாம்" என்றார். அன்று மாலை பஸ்ஸில், நான் பேசிய எத்தனை வாக்கியங்களிலிருந்து புள்ளியையும் ஏழையும் எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே காவிரியைக் கடந்தேன்.

ஊரில் ஒவ்வொரு லேபும் ஒவ்வோர் எண் சொல்லும், ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். இது அவருக்குத் தீராத வருத்தம். ஒருநாள் தன் ரத்தத்தையே நாலு சீசாவில் பிரித்து, நாலு பெயர் எழுதி, நாலு லேபுக்கு அனுப்பினார். ஒன்றில் நூற்று ஐம்பது வந்தது. ஒன்றில் இருநூற்று முப்பது. ஒன்றில் தப்பித் தவறி நூற்று எண்பத்து நான்கு. கடைசி ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே, உடனே டாக்டரைப் பார்க்கவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நாலையும் என் மேஜைமேல் பரப்பிவிட்டு, "நான் நாலு பேரா இருக்கேங்க" என்றார் கவலையோடு.

எல்லா லேபும் ஒரே ஸ்டாண்டர்டு வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார். வந்தவர் ஒருவர்தான். தில்லைநகர் லேபில் வேலை பார்த்தவர், அவரும் காபிக்காக வந்தவர். எங்கள் ஸ்டாண்டர்டிலிருந்து ஒரு சிறிய சீசாவில் ஊற்றி, அரக்கு வைத்துக் கொடுத்தனுப்பினார். அதை அவர் எந்தக் காலத்திலும் திறக்கப்போவதில்லை என்பது எனக்கே தெரிந்தது.

நான் சேர்ந்து மூன்று வருஷம் கழிந்த சித்திரையில்தான் நார்த்தங்காய் வந்தது. எங்கள் வீட்டில் உப்பில் ஊறவைத்து, வெயிலில் சுருளச் சுருளக் காயவைத்தது. எண்ணெய் ஒரு துளி கிடையாது. வெறும் தயிர்சாதத்தை அவர் விழுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் ஒரு துண்டை டப்பா மூடியில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைப் பதினைந்து நிமிஷம் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டார். நோட்டில், "நார்த்தங்காய், ஒரு துண்டு" என்று ஏறியது. பதினோரு வருஷத்தில் அந்த நோட்டுக்குள் நுழைந்த முதல் புதுச் சொல். தினமும் ஒரு துண்டு. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஆனி மாதத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அலமாரியில் காகிதக் கட்டைத் தேடியபோது என் முழங்கை பட்டு, மேஜைமேல் கழற்றி வைத்திருந்த பழுப்பு சீசாவின் கண்ணாடி மூடி கீழே விழுந்தது. ஓரம் தெறித்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. காலி சீசா ஒன்றிலிருந்து அதேபோல ஒரு மூடியை எடுத்துப் பொருத்தி, உடைந்ததைக் குப்பையில் போட்டுவிட்டேன். மூடிதானே என்று நினைத்தேன். கண்ணாடி மூடிகள் அந்தந்தச் சீசாவுக்கென்றே தேய்த்துச் செய்யப்பட்டவை, வேறொன்றுக்கு ஒட்டாது என்பது இலக்கியம் படித்த எனக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் லேபில் இலேசாக ஒரு தித்திப்பு வாசனை உலவியது. எங்கோ மனோரஞ்சிதம் பூத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வழக்கத்தைவிடச் சுகமாகக் கண்ணயர்ந்தார்கள் என்று சொன்னால் மிகையாகத்தான் இருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் வாரத்துக்கு இரண்டு தடவை வரத் தொடங்கினார்.

ஒரு திங்கட்கிழமை, எண் நூற்று எண்பது. அடுத்த திங்கள் நூற்று எழுபத்தாறு. அதற்கடுத்தது நூற்று எழுபத்திரண்டு. எங்களவரின் முகத்தில் களை போயிற்று. மாறியது தன் உடம்புதான் என்று நினைத்ததால் கடையை மட்டும் மூடவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே, "என்ன பதினஞ்சு, உடம்பு எளைச்சுக்கிட்டே போறியே, காதலா?" என்றார். இவர் குழாய்களைக் கழுவப் போய்விட்டார். மதியம் என் மேஜைக்கு வந்து, எதிரில் நின்று, மிகுந்த சங்கடத்தோடு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்க நார்த்தங்கா மேல சந்தேகமா இருக்கு."

ஒரு துண்டு நார்த்தங்காய் கொலஸ்ட்ராலை இப்படிக் குறைக்குமானால் அதை ஏற்றுமதி செய்யலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. நார்த்தங்காய் விசாரணைக் கைதியாயிற்று. நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு. அன்றிலிருந்து மறுபடி வெறும் தயிர்சாதம்.

இந்த இடைவெளியில்தான் சூசை வாத்தியார் வந்தார். மேலப்புதூர்க்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். வேளாங்கண்ணிக்கு ஏழு வருஷம் நடந்து வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு ஆறு வருஷம் நடந்துவிட்டார். ஏழாவது வருஷத்துக்கு அவருடைய வைத்தியர் தடை போட்டிருந்தார். கொலஸ்ட்ரால் இருநூற்று இருபதுக்குக் கீழே வந்தால் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை. முந்தைய ரிப்போர்ட் இருநூற்றுத் தொண்ணூறு. ஆறு மாதம் எண்ணெயைக் கண்ணால் பார்க்காமல் இருந்துவிட்டு வந்தார். நான் டைப் செய்த எண் இருநூற்றுப் பதினெட்டு. வாத்தியார் அதை மூன்று தடவை படித்தார். கீழே இறங்கிப்போய்க் கடலை மிட்டாய் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எங்களவர் தன் பங்கைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆவணி பிறந்தது. நார்த்தங்காயை நிறுத்தியும் எண் நிற்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை நூற்று ஐம்பத்திரண்டு. எங்களவர் போய்த் தன் பெஞ்சில் தானே உட்கார்ந்தார். மலைக்கோட்டையைப் பார்த்தபடி பதினைந்து நிமிஷம். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து பழுப்பு சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு தடவை எடுத்த அளவையும் பென்சிலால் குறித்துவைக்கும் காகிதப் பட்டை ஒன்று சீசாவில் ஒட்டியிருக்கும். குறித்ததைக் கூட்டிப் பார்த்தால், இருக்கவேண்டிய மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது கரைசல்.

"யாரும் குடிக்கலையேங்க" என்றார்.

மூடியைத் திருகினார். அது ஆடியது. அந்தத் தித்திப்பு வாசனை அறை முழுவதும் பரவியது. மனோரஞ்சிதம் அல்ல. பத்து வாரமாக நான் பிழையில்லாமல், ஓரம் விட்டு, மூன்று நகல் வைத்து டைப் செய்த ஒவ்வோர் எண்ணும் பொய். குளோரோஃபாரம் ஆவியாகிப் போகப் போக ஸ்டாண்டர்டு கெட்டியாகிக்கொண்டே வந்திருக்கிறது. கெட்டியான பச்சைக்குப் பக்கத்தில் ஊரார் ரத்தமெல்லாம் வெளிறித் தெரிந்திருக்கிறது.

மூடியை உடைத்தது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் பல வாரங்களுக்குப் பிறகு தெளிந்தது.

"அப்ப நான் மாறலைங்க" என்றார்.

பிறகு சீசாவைக் கீழே வைத்துவிட்டு, "நான் பாட்டிலை நம்பினேன். என்னை நம்பலை. தப்பு அதுதாங்க" என்றார்.

உறுதி செய்ய நல்ல ஸ்டாண்டர்டு வேண்டுமே? சைக்கிளை எடுத்துக்கொண்டு தில்லைநகருக்குப் போனார். காபிக்காரர் அந்தச் சிறிய சீசாவைத் திறக்காமல், அரக்கு கலையாமல், ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். வாழ்க்கையில் எங்களவருடைய கூட்டத்துக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதன் தோல்வியால் வந்தது. அதைக் கொண்டுவந்து தன் ரத்தத்தை மறுபடி சோதித்தார். நூற்று எண்பத்து நான்கு.

நாற்பத்துச் சொச்சம் பேருக்குத் தவறான எண் போயிருந்தது. டாக்டரிடம் சொன்னோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஒரு எழுத்து வெளியே போகக் கூடாது என்றார். இனிமேல் சரியாகப் போடலாம், பழையதை யார் கேட்கப்போகிறார்கள் என்றார். "நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

"சூசை வாத்தியார் நாளைக்குக் காலையில நடக்கப் போறாருங்க" என்றார் எங்களவர்.

"அப்ப நீ போய்ச் சொல்லு. ஆனா என் கையெழுத்து கிடையாது. சொல்லிட்டு இந்தப் படி ஏறவும் வேண்டாம்."

வெளியே வந்தார். நோட்டைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு அந்த மனிதரின் பதினோரு வருஷத்து இட்லியின் பொருள் விளங்கியது. வாத்தியாரைச் சோதித்த வாரத்தில் எங்களவரின் எண் நூற்று அறுபது. நிஜத்தில் அது நூற்று எண்பத்து நான்கு. அப்படியானால் வாத்தியாரின் இருநூற்றுப் பதினெட்டு நிஜத்தில் எவ்வளவு? ஒவ்வொரு வாரமும் சீசா எவ்வளவு பொய் சொன்னது என்பதை அவர் ரத்தம் எழுதி வைத்திருந்தது. நான் திருத்திய ரிப்போர்ட்டை டைப் செய்தேன். டாக்டரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எங்களவருடைய பெயரைப் போட்டேன். ஒரு ரிப்போர்ட்டில் அவர் பெயரை அடித்தது அன்றுதான். அதை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். ஆற்றின்மேல் பனி போல ஒரு வெளிச்சம். பாலம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நான் போவதற்குள் அவர் சைக்கிளில் வந்து மேலப்புதூர் மாதா கோயில் வாசலில் நின்றார். காவி உடுத்தியவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தார்கள். மாதா படம் வைத்த வண்டியின் பக்கத்தில், கற்படியில் உட்கார்ந்து, சூசை வாத்தியார் கால்விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த இருநூத்திப் பதினெட்டு தப்புங்க."

வாத்தியார் நிமிராமலே, "யார் சொன்னா?" என்றார்.

"நான்தாங்க."

"போட்டதும் நீதானேய்யா?"

"ஆமாங்க. அதனாலதான் நானே வந்தேன்."

வாத்தியார் நிமிர்ந்தார். கோபம் வந்துவிட்டது என்று எண்ணினேன். "கணக்கைக் காட்டு" என்றார். தாளை வாங்கி, என் பேனாவையும் வாங்கி, பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். பாட்டு அவரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

"வழிமுறை சரி. விடை தப்பு. இருநூத்தி அம்பது புள்ளி ஏழு வருது. நீ வெறும் இருநூத்தி அம்பதுன்னு போட்டிருக்க."

"புள்ளிக்கு அப்புறம் நம்ம மெஷினுக்குக் கண்ணு கிடையாதுங்க."

"கண்ணு இல்லேன்னா பக்கத்து எண்ணுக்குப் போகணும்யா, பின்னால போகக் கூடாது. இருநூத்தி அம்பத்தொண்ணு." திருத்திவிட்டு, அந்த நூற்று எண்பத்து நான்கின் மேல் பேனாவை வைத்தார். "இது யாரு? எந்த நம்பிக்கையில இதை மாறாததுன்னு எடுத்துக்கிட்ட?"

"என்னோட ரத்தம்ங்க. பதினோரு வருஷமா பாக்கறேன்."

"பதினோரு வருஷமா நீ என்னதான்யா சாப்பிடறே?"

சொன்னார். மூன்று இட்லி, தயிர்சாதம், ஒரு பூவன்பழம், மூன்று இட்லி. கல்யாணத்திலும் அதேதானா என்று வாத்தியார் கேட்டார். ஆமாம் என்றார். வாத்தியார் வண்டியிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏழு வருஷம் நடக்கறதையே பெரிய வேண்டுதல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

எங்களவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "பதினஞ்சு நிமிஷம் உக்காருங்க சார். அப்புறம் முடிவு பண்ணுங்க."

மூவரும் அந்தப் படியில் உட்கார்ந்தோம். வண்டி நகர்ந்தது. காவி வரிசை தெருத் திரும்பி, பாட்டு மெலிந்து மெலிந்து, எங்கோ ஒரு சைக்கிள் சக்கரம் ஓய்வதுபோல ஓய்ந்தது. வாத்தியார் ஒரு விரலிலிருந்து துணியை அவிழ்த்தார். பிறகு அடுத்த விரல்.

"கொடியேத்தத்துக்கு பஸ்ஸுல போயிக்கறேன்" என்றார். "அந்தம்மாவுக்குக் கணக்குப் புரியும்."

பஸ்ஸில் போய்வந்தார். வந்ததும் அவருடைய வைத்தியர் புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து மூன்று வாரம் படுக்கவைத்தார். நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் யாரும் பேசவில்லை. அது புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்.

எங்களவர் படியேறவில்லை. கீழே சைக்கிள் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் மேலே டைப் செய்து கொண்டுவந்து கொடுக்க, அவர் வீடு வீடாகப் போய்த் திருத்திய ரிப்போர்ட்டுகளைக் கொடுத்தார். சிலர் திட்டினார்கள். ஒருவர் தன் பழைய எண்ணே தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்ஸ்பெக்டர் தகவல் கேட்டு ஓடிவந்து, பெஞ்சு இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். மூன்றாம் நாள் டாக்டர் உள்ளறையிலிருந்து வந்து, என் மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தபடி நின்றார்.

"மிச்சத்தையும் கொண்டாங்கம்மா. கையெழுத்து இல்லாத ரிப்போர்ட்டு ஊருக்குள்ள சுத்தக் கூடாது" என்றார். பேனாவைத் திறந்துகொண்டே, "கீழ உக்காந்திருக்கிறவனை மேல வரச் சொல்லுங்க" என்றும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் எங்களவரோடு நேரில் பேசவில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் என்னிடம் டைப் செய்யச் சொல்லி, எட்டடி தூரத்தில் நின்றவருக்குக் கடிதமாகக் கொடுத்தார். இவரும் படித்து, கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கோப்பில் வைப்பார்.

வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நின்றுபோனார்கள். ஒரு வருஷத்தில் வேறு பாதிப்பேர் வந்தார்கள். எங்களவர் பழைய உணவுக்கே திரும்பிவிட்டார். நார்த்தங்காய் நிரபராதி என்று தீர்ப்பாகியும் அதை மறுபடி சேர்க்கவில்லை. பதினோரு வருஷத்துக் கணக்கு அது இல்லாமல் போட்ட கணக்கு என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

எண்பதுகள் பிறந்து இரண்டொரு வருஷத்தில், ஒருநாள் ஒரு சிறிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே விரலளவு சீசாக்களில் மஞ்சள் பொடி. தண்ணீர் விட்டால் சீரம், அதாவது ரத்தத்திலிருந்து தெளியும் அதே மஞ்சள் நீர். எவ்வளவு கொலஸ்ட்ரால் என்று சீசாவின் மேலேயே அச்சடித்திருந்தது. கிழமை பார்க்காது, தங்கை கல்யாணத்துக்குப் போகாது, எதுவும் சாப்பிடாது. எங்களவர் அதைச் சோதித்தார். அச்சடித்த எண்ணே வந்தது. நோட்டில் கடைசியாக ஏதோ எழுதி மூடிவைத்தார். அன்று திங்கட்கிழமை. அவர் தன் கையில் ஊசி குத்திக்கொள்ளாத முதல் திங்கட்கிழமை.

காலை முழுவதும் ஜன்னலோரமாகவே நின்றார். இனி எந்த ஊரும் அவருடைய வயிற்றை நம்பி இல்லை. ஜாங்கிரி சாப்பிடலாம், அதிரசம் சாப்பிடலாம், அக்காரவடிசில் சாப்பிடலாம். என்ன செய்யப்போகிறார் என்று புத்தகத்தின் மேல் விளிம்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் தன் டப்பாவோடு என் மேஜைக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து, வழக்கமான தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்த நார்த்தங்கா," என்றார் கடைசியில், "உங்க வீட்டுல இன்னும் போடறாங்களாங்க?"

என் டப்பாவின் மூடியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவருக்கான துண்டு அதில் இருந்தது. அந்த ஐந்து வருஷமும் அதை வைக்காமல் நான் ஒருநாளும் ஆற்றைக் கடந்ததில்லை.